தட்டில் மிஞ்சிய நட்டு

அத்தியாயம் பதினேழு

பதுளை ஸ்டேஷனுக்குக் காலை ரயில் வந்து சேர்ந்த ஊதல் கேட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. ஜௌபர் பாஸின் கராஜ் வாசலில் எஸ்டேட் லொறி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. முன் ஆசனத்திலிருந்து லிங்கம் கிளாக்கர் குதித்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர் குதிக்கிறார் என்றால் கையில் நல்ல சேதி இருக்கிறது என்று அர்த்தம்.

"நானா! எஞ்சின் கெடைச்சிருச்சு!"

சமையலறை ஜன்னலருகே ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்த ஜெனீராவின் கை நின்றது.

மூன்று வாரமாக அந்த வீட்டில் எஞ்சினைத் தவிர வேறு பேச்சில்லை. நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் வெள்ளைக்காரத் துரை கப்பலேறிவிட்டார். போகும்போது, இரண்டே பேர் உட்காரக்கூடிய தம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைத் தலைமைக் கிளாக்கர் லிங்கத்தின் பேருக்கு எழுதிக் கொடுத்தார். லிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. கார் ஓடாது என்பது துரை போன பிறகுதான் தெரிந்தது.

சிலிண்டரும் பிஸ்டனும் இல்லாத விநோதமான எஞ்சின் அது. பின்பக்க மூடியைத் திறந்தால் சோற்றுப் பானை அளவில் ஓர் இரும்பு உருண்டை. அதற்குள் முக்கோணம் ஒன்று சுற்றும். அந்த முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் இருந்த சீல்கள் தேய்ந்துபோயிருந்தன. புதியவை ஜெர்மனியிலிருந்து வரவேண்டும். வரவழைக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். நாட்டுக்குள் பால்மாவே வரிசையில் நின்று வாங்கும் காலத்தில் ஸ்போர்ட்ஸ் காருக்கு சீல் வாங்க யார் அனுமதி கொடுப்பார்கள்? ஆகவே அந்த எஞ்சினைக் கழற்றி மேசையில் வைத்தாயிற்று. அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

கேள்விக்கு அவசரமும் சேர்ந்திருந்தது. லிங்கத்தின் மகள் கனகத்துக்குப் பசறையில் கல்யாணம், இன்றிலிருந்து பதினோராம் நாள். மாப்பிள்ளை அழைப்பு அந்தச் சிவப்புக் காரில்தான் என்று அவர் தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் சொல்லி வைத்துவிட்டார்.

பொருந்தக்கூடிய எஞ்சின் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. கராஜின் பின்புறம், ஈரப்பலா மரத்தடியில், தார்ப்பாய்க்குக் கீழே. வீட்டில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். வாய்விட்டுச் சொன்னவன் ஜௌபரின் இளைய மகன் அஸீஸ் மட்டும்தான். சொன்ன அன்று வாப்பாவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது ஜௌபரின் மூத்த மகன் பலீலின் வொக்ஸ்வேகன். ஊரார் ஆமைக் கார் என்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலை, பசறை வீதியில் நாலாம் கட்டை வளைவில், அது மதகுச் சுவரை இடித்துக்கொண்டு கீழே போயிற்று. பலீலும் அதோடு போனான்.

ஜெனீரா அவனுடைய மனைவி.

அந்தக் காலையில் நடந்ததை அவள் எவரிடமும் சொன்னதில்லை. கைக்குழந்தை றஷீனாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். முந்தின நாள்தான் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியிருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கூட்டிப் போகிறேன் என்றான் பலீல். காய்ச்சலில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "அந்த ஆமையையே கட்டிக்கொண்டு இரிங்க. இஞ்ச திரும்பி வரத் தேவல்ல."

அவன் தேத்தண்ணி குடிக்கவில்லை. கார்க் கதவை அடித்துச் சாத்தினான். தெருமுனையில் டயர் கிறீச்சிட்ட சத்தம் சமையலறை வரை கேட்டது. ஒருநாளும் வேகமாக ஓட்டாதவன் அன்று வேகமாகப் போனான்.

திரும்பி வரவில்லை.

"இறக்குங்கடா மெதுவா! மெதுவா!" வெளியே லிங்கம் கத்தினார்.

பலகை போட்டு நாலு பேர் சறுக்கி இறக்கினார்கள். சாக்கைப் பிரித்ததும் பச்சை வர்ணம் பூசிய எஞ்சின் ஒன்று மினுங்கியது.

"துரை லீவு போட்டுட்டு பொத்துவில் பக்கம் போவாருல்ல நானா, அங்க ஓடுன படகோட எஞ்சினு. ஜோடியா ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு உப்புத்தண்ணியில போயிருச்சு. இது பங்களா ஸ்டோர்ல சாக்குக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. பாருங்க, புதுப் பொண்ணு மாதிரி இருக்கு!"

அஸீஸ் குனிந்து எஞ்சினைத் தட்டினான். சத்தமே சொன்னது.

"வார்ப்பிரும்பு வாப்பா. இந்தப் பாரத்தைக் கொண்டு போய்ப் பின்னுக்கு வெச்சா, முன்சில்லு நிலத்தில நிக்காது."

"முன்னுக்கு ரெண்டு மண் மூட்டை வெப்போம்," என்றார் ஜௌபர்.

அஸீஸ் நிமிர்ந்து வாப்பாவின் முகத்தைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு காதால் கேட்டே எந்த சிலிண்டரில் வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் மனிதர். ஊவா முழுக்க ஜௌபர் பாஸ் கை வைத்தால் வண்டிக்கு ஆயுசு என்று பெயர். அவர் வாயிலிருந்து மண் மூட்டை என்ற வார்த்தை வந்தது.

"மண் மூட்டையை எங்க வெக்கிற? மாப்பிள்ளைட மடியிலயா?"

"கூடக் கதைக்காத."

"பின்னுக்குக் கெடக்கிற எஞ்சின் அலுமினியம் வாப்பா. காத்தில ஆறுற எஞ்சின். தண்ணி வேணா, ரேடியேட்டர் வேணா. ரெண்டு பக்கமும் ரெண்டு விரலுக்குத் தகடு வெட்டினா, அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி உக்காரும். நான் அளந்து பாத்திட்டேன்."

ஜௌபரின் குரல் தணிந்தது. தணிந்ததுதான் பயமாக இருந்தது.

"எதை அளந்தாய்? பாயைத் தூக்கினியா?"

"இல்ல. டவுன்ல வேற ஆமை ஓடுதுதானே. அதை அளந்தேன்."

"இந்தப் படகு எஞ்சின்தான் வெக்கிற. பேச்சு முடிஞ்சிச்சு."

லிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதானே! நானா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

மாமி ஸகீனா தேத்தண்ணித் தட்டை நீட்ட, ஜெனீரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கராஜுக்குள் போனாள். மேசையில் இடமில்லை. ஒரு மூலையில் துரையின் சுழல் எஞ்சின். பக்கத்தில் மாமாவின் ஸஹன் தட்டு. ஒரு காலத்தில் நாலு பேர் சுற்றியிருந்து சாப்பிட்ட பெரிய தட்டு. ஓரம் நெளிந்ததும் கராஜுக்கு வந்துவிட்டது. எந்த எஞ்சினைப் பிரித்தாலும் ஜௌபர் அதன் நட்டுகளைக் கழுவி, கழற்றிய வரிசையிலேயே அந்தத் தட்டில் வட்டமாக அடுக்குவார். பூட்டும்போது வரிசையாக எடுப்பார். ஸஹன் காலியானால் வேலை முடிந்தது. இருபத்தைந்து வருடமாக அதுதான் அவருடைய கணக்கு.

தேத்தண்ணியை வைக்க இடம் தேடிய ஜெனீராவின் கண் படகு எஞ்சின் மேல் விழுந்தது. கப்பிக்கு மேலே, இரும்பிலேயே வார்த்த ஓர் அம்புக்குறி.

அவளுக்கு அம்புக்குறி தெரியும். வால்வு இடைவெளி பார்க்கும்போது ஒருவர் கப்பியைச் சுற்ற வேண்டும், மற்றவர் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதில் பலீல் அவளைத்தான் கூப்பிடுவான். "வலப்பக்கம் சுத்து. மெதுவா. இன்னும். ஆ, நில்லு." உலகத்தில் எந்தப் புருஷனும் பெண்சாதியிடம் அத்தனை மெதுவாகப் பேசியிருக்க மாட்டான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

மேசைமேல் இருந்த சுழல் எஞ்சினின் கப்பியைப் பார்த்தாள். அதிலும் ஓர் அம்பு, வலப்பக்கமாக. படகு எஞ்சினின் அம்பு இடப்பக்கமாக.

"மாமா," என்றாள். "இது மத்தப் பக்கம் சுத்துது."

மூவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். வெளியார் முன்னால் மருமகள் வாய் திறந்ததற்கா, சொன்ன விஷயத்துக்கா என்று தெரியவில்லை.

"எந்தப் பக்கம் சுத்துனா என்ன தங்கச்சி? சுத்துனா சரிதானே?" என்றார் லிங்கம்.

அஸீஸ் குனிந்து பார்த்தான். நாக்கைச் சொடுக்கினான். "மதினி செல்றது சரி. படகில ஜோடியாப் போட்டா ஒண்ணு இந்தப் பக்கம், ஒண்ணு அந்தப் பக்கம் சுத்தும். படகு நேராப் போறதுக்கு. இது அந்தப் பக்கத்து எஞ்சின். இதைக் கார்ல வெச்சா, கிளாக்கரய்யா, முன்னுக்குப் போற நாலு கியரும் பின்னுக்குப் போகும். ரிவர்ஸ் ஒண்ணுதான் முன்னுக்குப் போகும்."

லிங்கத்தின் வாய் திறந்தபடி நின்றது.

"அப்ப மாப்பிள்ளை ஊருக்கெல்லாம் முதுகக் காட்டிக்கிட்டா கோயிலுக்கு வருவாரு? ஐயோ, சம்பந்தி வீட்டம்மா ஏற்கனவே முகத்தத் திருப்பிக்கிட்டு இருக்காங்க. இப்ப மாப்பிள்ளையும் திருப்பிக்கிட்டா?"

அஸீஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வாப்பா பக்கம் திரும்பினான். சிரிப்பு பாதியில் நின்றது.

ஜௌபர் திடுக்கிடவில்லை. குனிந்து பார்க்கவுமில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்த விரலையே மறுபடியும் மறுபடியும்.

ஜெனீரா அதைக் கவனித்தாள். சாக்கைப் பிரித்தபோதே மாமா அந்த அம்பைப் பார்த்துவிட்டார். பார்த்துத்தான் 'இதுதான் வெக்கிற' என்றார்.

"கிளாக்கரய்யா, நீங்க நாளைக்கி வாங்க," என்றார் ஜௌபர்.

"நாளைக்கு வந்து எஞ்சினைத் திரும்பத் தூக்கிக்கிட்டுப் போகவா, இல்லாட்டி…"

"நாளைக்கி செல்றேன்."

லிங்கம் லொறியில் ஏறுமுன் அஸீஸை ஒதுக்கமாக அழைத்தார். "தம்பி, கார் கெடக்குது விடுங்க. பஸ்ஸு புடிச்சாவது மாப்பிள்ளைய கொண்டாந்துருவேன். நானாவுக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா? முகமே சரியில்லியே."

லொறி இரைந்துகொண்டு பசறைப் பக்கம் திரும்பியது. மருமகள் உள்ளே போவாள் என்று ஜௌபர் காத்திருந்தார். ஜெனீரா போகவில்லை.

"அம்பை நீங்க முந்தியே கண்டீங்க மாமா."

"உள்ளுக்குப் போ மகள்."

"பின்னுக்கு ஓடுற எஞ்சினை வெச்சாலும் பரவால்ல, அந்தப் பாயைத் தூக்க வேணாம். அப்பிடித்தானே?"

"ஜெனீரா!" கதவருகே நின்ற ஸகீனா அதட்டினாள். ஆனால் அதட்டலில் பலமில்லை.

மூன்று வருடங்களில் அவள் மாமாவை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. இப்போது நிறுத்த முடியவில்லை.

"அவர் போன பொறகு நான் இத்தாவில அறைக்குள்ள ஈந்தேன். நாலு மாசம் பத்து நாள். அந்தக் காரைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு வந்த சத்தம் செவருக்கு அந்தப் பக்கம் கேட்டிச்சு. எழும்பிப் போய்ப் பாக்க ஏலா. வெளிய வந்து பாத்தா பாய் போட்டுக் கட்டிக் கெடக்குது. என்ன நடந்ததெண்டு ஒருத்தரும் எனக்குச் செல்லல்ல. நானும் கேக்கல்ல. இண்டைக்கிக் கேக்கிறேன்."

ஜௌபர் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். சாரத்தின் மேல் கட்டியிருந்த அகலமான பச்சை வாரின் பையைத் திறந்தார். அவர் அதில் ஆஸ்துமா மாத்திரை வைத்திருப்பதாகத்தான் வீட்டில் நினைத்திருந்தார்கள். கையை வெளியே எடுத்தபோது விரல்களுக்கிடையில் ஒரு நட்டு. ஒரே ஒரு நட்டு. தொட்டுத் தொட்டு வெள்ளிபோல் பளபளத்தது.

அதை ஸஹன் தட்டின் நடுவில் வைத்தார். 'டங்' என்றது.

"பலீல்ட எஞ்சினைப் பூட்டி முடிச்ச அண்டைக்கி இது தட்டில மிஞ்சிச்சு."

அஸீஸ் அதை எடுத்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது. "கனெக்டிங் ரொட் நட்டு…"

ஜெனீராவுக்கு அது தெரியும். பிஸ்டனையும் நடு அச்சையும் இணைக்கும் தண்டைப் பிடித்திருக்கும் நட்டு. அது ஒன்று இல்லாமல் ஓடினால் தண்டு கழன்று எஞ்சின் இறுகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது இறுகினால் பின்சில்லுகள் அப்படியே நின்றுவிடும். வளைவில் நின்றால்…

"புது நட்டு கொழும்பிலேந்து பொட்டலத்தில வந்திச்சு," என்றார் ஜௌபர். "ஒரு தண்டுக்கு ரெண்டு, நாலு தண்டுக்கு எட்டு. பொட்டலத்தைப் பிரிச்சுத் தட்டில கொட்டினேன். எட்டுத்தான் இரிக்குமெண்டு நெனச்சு எண்ணிப் பாக்கல்ல. பூட்டி முடிச்சுப் பாத்தா ஒண்ணு மிச்சம். திரும்பப் பிரிச்சுப் பாக்கணும். பலீல் அவசரப்பட்டான். எனக்கும் கை அலுப்பு. கூட ஒண்ணு வந்திரிக்கும் எண்டு எனக்கு நானே செல்லிக்கிட்டேன். அடுத்த நாள் காலைல அவன் காரை எடுக்கக்குள்ள நான் கேட்டடியிலதான் நிண்டேன். 'நில்லுடா மகன்' எண்டு ஒரு சொல் செல்லியிரிக்கலாம்."

அவர் சொல்லி முடித்தபோது ஸகீனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஜெனீரா நின்றபடியே நின்றாள். அந்தக் கணத்தில் அவள் நெஞ்சில் எழுந்தது துக்கமில்லை. சந்தோஷம். அதற்கு வேறு பெயர் கிடையாது. எஞ்சின் இறுகித்தான் அவர் போனார் என்றால், என் சொல் அவரைக் கொல்லவில்லை. கோபத்தில் போகவில்லை. வேகத்தில் போகவில்லை. ஒரு நட்டு.

மறுகணமே எதிரில் உட்கார்ந்திருந்த மனிதரின் குனிந்த தலை கண்ணில் பட்டது. அவளுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

"எண்ணிப் பாப்பம் வாப்பா," என்றான் அஸீஸ். "எஞ்சினுக்குள்ள எட்டு இரிக்கா, ஏழு இரிக்கா எண்டு எண்ணினாத் தெரியும்."

"வேணாம்."

"வாப்பா…"

"தெரியாம ஈந்தா பாதிப் பாரம் மகன். தெரிஞ்சா முழுசும் எண்ட தலைல. எனக்குத் தாங்க ஏலா."

"எனக்கும் பாதிதான் மாமா," என்றாள் ஜெனீரா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "எனக்கு முழுசும் தெரியோணும்."

ஜௌபர் புரியாமல் அவளைப் பார்த்தார்.

தீர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

"தொறங்க," என்றாள் ஸகீனா, தரையில் உட்கார்ந்தபடியே. "மூணு வருஷமா அந்தப் பாயைப் பாத்துக் கொண்டுதான் நான் சட்டி கழுவுறேன். உங்களுக்கு ஒரு நட்டு. எனக்கு ஒரு மலை. தொறந்து தொலைங்க!"

தார்ப்பாயைக் கட்டிய கயிறு மக்கியிருந்தது. அஸீஸ் இழுத்ததும் அறுந்தது. மேலே கிடந்த ஈரப்பலாச் சருகுகள் சரிந்தன.

காரின் முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. ஜெனீரா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தாள். பின்பக்கம் மட்டும் அடிபடாமல், அதே நீலத்தில், நேற்றுத்தான் நிறுத்திவைத்ததுபோல் இருந்தது. நல்லவேளை, றஷீனா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள்.

எஞ்சினைக் காரோடு பிடித்திருந்தவை நான்கு போல்ட்டுகள்தான். ஜாக்கி வைத்து இறக்கி, இருவருமாகத் தூக்கி மேசையில் வைத்தார்கள். ஜௌபர் எதையும் தொடவில்லை. வாங்கில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அஸீஸ் ஒவ்வொன்றாகக் கழற்றினான். விசிறி மூடி, தலைகள், சிலிண்டர்கள். பகல் சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. நமுனுகுலையிலிருந்து இறங்கிய மழை தகரக் கூரைமேல் ஒரு பாட்டம் பெய்துவிட்டு ஓய்ந்தது.

சிலிண்டர்கள் போனதும் எஞ்சினின் வயிறு இரண்டு பக்கமும் திறந்துகொண்டது. உள்ளே கறுப்பு எண்ணெய் பூசிய தண்டுகள்.

"மதினி, கப்பியைப் பிடிங்க. நான் செல்லச் செல்லச் சுத்துங்க."

அவள் ஸ்பானரைக் கப்பியின் நடு நட்டில் மாட்டினாள். மூன்று வருடம். துரு பிடித்து இறுகியிருக்கலாம். தண்டு ஒடிந்து உள்ளே சிக்கியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

சுற்றியது.

எண்ணெயில் நனைந்த, மெத்தென்ற சுழற்சி. எங்கும் தட்டவில்லை, இடிக்கவில்லை.

"வலப்பக்கம். மெதுவா. நில்லுங்க."

அண்ணனுடைய அதே சொற்கள். அவனுக்கு அது தெரியாது. ஜெனீரா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அஸீஸ் டோர்ச்சை உள்ளே நீட்டினான். "ஒண்ணு. ரெண்டு." ஒவ்வொன்றிலும் ஸ்பானர் வைத்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. "இறுக்கமா இரிக்கி. இன்னும் சுத்துங்க. மூணு. நாலு."

ஜௌபர் வாங்கிலிருந்து எழுந்து நின்றார்.

"மத்தப் பக்கம் போறேன். கால் சுத்து. நில்லுங்க. அஞ்சு. ஆறு."

ஸகீனாவின் உதடுகள் ஓதிக்கொண்டிருந்தன.

"ஏழு."

அஸீஸ் இன்னும் குனிந்தான். டோர்ச்சைச் சாய்த்தான். தலையைச் சாய்த்தான். "தெரியல்ல… தண்டு மறைக்குது. இன்னும் கொஞ்சம் சுத்துங்க. இல்ல, கூடிப் போச்சு. பின்னுக்கு. ஒரு மயிரளவு."

ஜெனீரா ஒரு மயிரளவு சுற்றினாள். இல்லாமல் இருக்கட்டும் என்று அவள் மனம் கேட்டது. மாமாவின் மூச்சு பின்னால் இழுத்து இழுத்து வந்தது. இருக்கட்டும் என்று அவள் மனம் கேட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டது.

"எட்டு," என்றான் அஸீஸ்.

ஸ்பானர் வைத்து இழுத்தான். அசையவில்லை. "எட்டு வாப்பா! எட்டும் இரிக்கி! எல்லாம் இறுக்கமா இரிக்கி!"

ஜௌபர் டோர்ச்சைப் பறித்து, தானே குனிந்து, விரலை உள்ளே விட்டுத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒரு தரம். மறு தரம். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. பிறகு ஸஹன் தட்டிலிருந்த நட்டை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"ஒம்பது," என்றார். "பொட்டலத்தில ஒம்பது ஈந்திரிக்கி. யாரோ எண்ணாமப் போட்டிரிக்கான். நானும் எண்ணாமக் கொட்டியிரிக்கேன்." சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. "ஸகீனா, எண்ட கை இல்ல. கேட்டியா? எண்ட கை இல்ல."

ஸகீனா எழுந்து வந்து அந்த எண்ணெய்க் கையை அப்படியே தன் முந்தானையில் பொதிந்துகொண்டாள்.

அஸீஸ் கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கரி. "இதையே வெப்பமா வாப்பா? சிவப்புக் காருக்கு?"

"இதைத்தான் வெக்கிற. வேற எதை? கிளாக்கர்ட மருமகன் முன்னுக்குப் பாத்துக்கொண்டு கோயிலுக்குப் போகட்டும்." மூன்று வருடத்தில் முதல் தடவையாக ஜௌபர் பாஸின் குரலில் பழைய அதிகாரம் திரும்பியிருந்தது. "அந்தப் படகுச் சாமானைக் காலைலயே லொறில ஏத்திரு. தகடு வெட்ட முந்தி என்னைக் கூப்பிடு. நீ வெட்டினா கோணலா வெட்டுவாய்."

"நான் எப்ப கோணலா வெட்டின?"

"கதைக்காத."

ஜெனீரா கப்பியில் வைத்த ஸ்பானரை இன்னும் விடவில்லை. மூவரும் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுதூரத்தில், ஆற்றுக்கு அக்கரையில் யாரோ சிரிப்பதுபோல் இருந்தது. மாமாவின் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. இறங்கியது எங்கே போகும்?

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. ஜௌபர் கை கழுவப் போனார். குழாயடியில் சோப்பை எடுத்தவர் திறந்த குழாயை அப்படியே விட்டுவிட்டு நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப ஏன்?" என்றார்.

சோப்பைக் கீழே வைத்தார்.

"எஞ்சின் நல்லம். பிரேக்கும் நானே அந்த வாரம் பாத்தது. அண்டைக்கி மழையுமில்ல. எண்ட மகன் அந்த வளைவில ஆயிரம் தரம் போனவன், ஒரு நாளும் வேகமாப் போனதில்ல." மெதுவாகத் திரும்பினார். மூன்று வருடம் ஒரு நட்டு மறைத்து வைத்திருந்த கேள்வி இப்போதுதான் அவர் முகத்துக்கு வந்திருந்தது. "பின்ன என்னத்துக்கு மகன் போனான்?"

ஜெனீரா ஸ்பானரைக் கழற்றினாள். ஸஹன் தட்டில், அந்த ஒன்பதாவது நட்டுக்குப் பக்கத்தில், சத்தமில்லாமல் வைத்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா," என்றாள்.